வீட்டில் செய்த சலவைத்தூளும் ஈரம் உறிஞ்சாத துண்டும்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். தினமும் ஒரு மெஷின் நிறையத் துணி சேர்ந்துவிடும். சலவைத்தூளுக்கு ஆகிற செலவைப் பார்த்துவிட்டு, வீடியோ ஒன்றில் சொன்னபடி நானே வீட்டில் செய்ய ஆரம்பித்தேன். குளியல் சோப்பைத் துருவி, சலவை சோடாவும் வெண்காரமும் சம அளவு கலந்து டப்பாவில் வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு மேசைக்கரண்டி போடுவேன். தொடக்கத்தில் அருமையாக இருந்தது. சில மாதங்களில் வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. துண்டுகள் விறைத்துப்போய் ஈரத்தை உறிஞ்சவே மாட்டேன் என்கின்றன. ஃப்ரன்ட் லோட் மெஷினின் கதவைத் திறந்தால் புழுங்கின வாடை. சோடாவைக் கூட்டிப் பார்த்தேன், கடைசி அலசலில் வினிகர் ஊற்றிப் பார்த்தேன், பலனில்லை. கலவையில் எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும்? இல்லை, பழையபடி கடைத் தூளுக்கே போக வேண்டுமா? கைக்குழந்தையின் துணியும் இதில்தான் துவைக்கிறேன். அதில் ஏதும் தவறு உண்டா?

பதில்: எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்தக் கலவையை எந்த விகிதத்தில் மாற்றினாலும் இந்தத் தொல்லை தீராது. உங்கள் தண்ணீருக்கும் உங்கள் மெஷினுக்கும் சோப்பு ஒத்துவரவில்லை. காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: நான் சலவைத்தூள் தயாரிக்கும் தொழிலில் இருக்கும் வேதியியலாளன். “கம்பெனிக்காரன் வேறென்ன சொல்வான்” என்று நீங்கள் நினைத்தால் அதில் நியாயம் உண்டு. அதனால் முடிந்தவரை, நீங்களே வீட்டில் செய்து பார்த்துச் சரிபார்க்கக் கூடியதை வைத்தே பேசுகிறேன்.

துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை மேசைமேல் விரியுங்கள். விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் வையுங்கள். நல்ல பருத்தித் துண்டு என்றால் சொட்டு விழுந்ததுமே உள்ளே போய்விடும், வட்டமாக ஓர் ஈரத்தடம்தான் தெரியும். உங்கள் துண்டில் அந்தச் சொட்டு மணி போல் உருண்டு நிற்கும், அல்லது தயங்கித் தயங்கி இறங்கும் என்று நினைக்கிறேன். அப்புறம் அதே துண்டை ஒரு வாளி வெந்நீரில் போடுங்கள். சோப்பு, தூள் எதுவும் வேண்டாம், வெறும் வெந்நீர். கால் மணி நேரம் ஊறியதும் நன்றாகப் பிசைந்து பிழியுங்கள். தண்ணீர் கலங்கிப் பால் மாதிரி ஆகி, மேலே நுரையும் வந்தால், அது இத்தனை நாளாகத் துணியிலேயே தங்கிவிட்ட சோப்பு. துணி அழுக்காக இருப்பதால் சாம்பல் பூக்கவில்லை. அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பிசுக்குப் பூச்சு அதன்மேல் ஏறியிருக்கிறது.

அந்தப் பூச்சு எங்கிருந்து வந்தது? சோப்பு என்பது எண்ணெய், கொழுப்பிலுள்ள அமிலத்தின் சோடியம் உப்பு. நல்ல தண்ணீரில் அது அழகாகக் கரையும், அழுக்கை எடுக்கும். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருந்தால், அதாவது நாம் உப்புத் தண்ணீர், கடினநீர் என்று சொல்கிற தண்ணீராக இருந்தால், சோப்பு முதலில் அழுக்கைத் தேடிப் போகாது, கால்சியத்தோடுதான் சேரும். சேர்ந்ததும் தண்ணீரில் கரையாத, ஒட்டுகிற வெள்ளைக் கசடாகிவிடும். குளியலறை வாளியின் விளிம்பில் நகத்தால் சுரண்டினால் மெழுகு போல் வருகிறதே, அதேதான் உங்கள் துண்டிலும் இருக்கிறது.

எவ்வளவு சோப்பு இப்படி வீணாகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரின் கடினத்தன்மையை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று சொல்வார்கள். 60 வரை மென்னீர், 120-ஐத் தாண்டினால் கடினநீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம் என்பது பொதுவாக எடுத்துக்கொள்கிற அளவு. 300 இருக்கிற தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு லிட்டரும் ஏறக்குறைய 1.8 கிராம் சோப்பை விழுங்கிவிடும். 15 லிட்டர் தண்ணீருக்கு 27 கிராம். அழுக்கில் கை வைப்பதற்கு முன்பே இவ்வளவும் போய்விடும். நீங்கள் போடும் இரண்டு மேசைக்கரண்டிக் கலவையில் சோப்பு மூன்றில் ஒரு பங்கு, பத்துக் கிராமுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அப்படியானால் அழுக்கை எடுக்க மிஞ்சியது என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

“அதற்குத்தானே சோடா போடுகிறோம்” என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட். அது கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்புத் தூளாகக் கீழே இறக்கிவிடும், சோப்பைக் காப்பாற்றும். மேலே சொன்ன 15 லிட்டர் தண்ணீருக்குக் கணக்குப்படி 5 கிராம் சோடாவே போதும், கொஞ்சம் தாராளமாக 10, 15 கிராம் போடலாம். ஆனால் இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. சோப்பும் கால்சியமும் தொட்ட மாத்திரத்தில் சேர்ந்துவிடும். சோடா கால்சியத்தை இறக்க நேரம் எடுக்கும், குளிர்ந்த தண்ணீரில் இன்னும் அதிகம். இரண்டையும் ஒரே தூளாகக் கலந்து ஒரே நேரத்தில் தண்ணீரில் போட்டால் பந்தயத்தில் சோடா பின்தங்கிவிடும். சோடாவை முதலில் கரைத்து, சிறிது நேரம் விட்டு, அப்புறம் சோப்பைப் போட்டிருந்தால் ஓரளவு தப்பித்திருக்கும்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. அதை எந்த வீடியோவிலும் சொல்வதில்லை. துவைப்பில் சோடா காவல் இருக்கிறது, சரி. துவைத்த தண்ணீர் வெளியேறிய பிறகு மெஷின் அலசலுக்குப் புதுத் தண்ணீர் எடுக்கிறது. அதில் சோடா இல்லை, கால்சியம் முழுசாக இருக்கிறது. துணிக்குள்ளோ இன்னும் அலசிப் போகாத சோப்பு இருக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடம் உங்கள் துண்டின் நூலிழை. கசடு அங்கேயே உருவாகி அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. துவைக்கும்போது எவ்வளவு சோடா போட்டாலும் இதைத் தடுக்க முடியாது. அதனால்தான் சோடாவைக் கூட்டியும் பலன் இல்லை. கூட்டியதில் இன்னொரு கெடுதலும் நடந்தது: சோடா இறக்கிய அந்தச் சுண்ணாம்புத் தூளில் ஒரு பங்கு துணியிலேயே படிந்து, விறைப்பு அதிகமாகியிருக்கும்.

வினிகர் விஷயம் சுவாரசியமானது. சுண்ணாம்பு மட்டும் படிந்த துணி என்றால் வினிகர் உதவும், அது சுண்ணாம்பைக் கரைக்கும். சோப்பு தங்கிய துணியில் அமிலம் பட்டால் சோப்பு உடைந்து மறுபடி கொழுப்பு அமிலமாகிவிடும். அது தண்ணீரில் கரையாத, எண்ணெய்ப் பசையுள்ள பொருள். ஒரு பிசுக்கை எடுத்து இன்னொரு பிசுக்கை வைத்த கதைதான். சிலர் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகவே கலந்து ஊற்றுகிறார்கள். பொங்கி வருவதைப் பார்த்தால் ஏதோ பெரிதாக வேலை நடக்கிற மாதிரி இருக்கும். அங்கே நடப்பது ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்வதுதான். சோடாவும் வீண், வினிகரும் வீண். இவ்வளவும் வீண்செலவோடு போகிற சங்கதி. ஆனால் குளோரின் பிளீச்சோடு மட்டும் வினிகரையோ வேறெந்த அமிலத்தையோ சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

தொடக்கத்தில் ஏன் நன்றாக இருந்தது? பூச்சு ஒரே நாளில் ஏறுவதில்லை, ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏறுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. கடைத் தூள்கள் பலவற்றில் ஒளிர்வூட்டி என்று ஒன்று இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீல வெளிச்சமாகத் திருப்பித் தரும். துணி உண்மையில் எவ்வளவு சுத்தமோ, அதைவிட வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியும். பழைய தூளிலிருந்து உங்கள் துணியில் ஏறியிருந்த ஒளிர்வூட்டி சில காலம் தாக்குப்பிடித்தது. அது மெல்ல மெல்லப் போகப் போக, நிஜ நிறம் வெளியே வந்தது. இதில் ஒரு பங்கு எங்கள் தொழிலின் கண்கட்டு வித்தை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடைத் தூளில் அப்படி என்னதான் இருக்கிறது? அழுக்கை எடுக்கும் வேலையைச் செய்வது செயற்கைச் சலவைப் பொருள். அது கால்சியத்தோடு சேர்ந்து சோப்பைப் போலக் கட்டிக் கசடாவதில்லை, வித்தியாசம் முழுக்க இங்கேதான். 1946-இல் அமெரிக்காவில் டைட் என்ற சலவைத்தூள் வந்து சோப்புத் தூளை ஓரங்கட்டியதற்குக் காரணமே கடினநீரில் அது வேலை செய்ததுதான். அதோடு கால்சியத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் சியோலைட் போன்ற பொருள்கள், வெளியே வந்த அழுக்கு மறுபடி துணியில் உட்காராமல் தண்ணீரிலேயே மிதக்கவிடும் செல்லுலோஸ் பொருள், ரத்தம், பால், வியர்வை போன்ற புரதக் கறைகளையும் மாவுக் கறைகளையும் துண்டு துண்டாக வெட்டும் நொதிகள். நொதியைச் சலவைக்குப் பயன்படுத்த 1913-லேயே ஜெர்மனியில் ஓட்டோ ரோம் காப்புரிமை வாங்கிவிட்டார். இவற்றில் ஒன்றைக்கூட அடுக்களை மேடையில் சோப்பைத் துருவிச் செய்ய முடியாது. குளியல் சோப்பில் வேறு, தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று எண்ணெய்ப் பசையை வேண்டுமென்றே கொஞ்சம் விட்டு வைப்பதுண்டு. தோலுக்கு நல்லது, துண்டுக்கு அல்ல.

அதே நேரத்தில், மலிவான தூள்களில் கணிசமான பங்கு சோடியம் சல்பேட் என்ற நிரப்பிதான். அது துவைப்பதற்காகச் சேர்ப்பதல்ல, தூளின் எடையையும் அளவையும் கூட்டுவதற்கும், தூள் கட்டாமல் உதிரியாக இருப்பதற்கும். அதனால் பாக்கெட்டின் எடையை வைத்து விலையை ஒப்பிடாதீர்கள். ஒரு பாக்கெட் எத்தனை துவைப்புக்கு வருகிறது என்று வகுத்துப் பாருங்கள். பெரிய மலிவுப் பாக்கெட்டைவிடச் செறிவான சின்னப் பாக்கெட் மலிவாக முடிவது உண்டு.

வெண்காரத்தைப் பற்றிச் சுருக்கமாக: விட்டுவிடுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அது தேவையே இல்லை. வெண்காரம் போன்ற போரான் உப்புகளை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியவை என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. துவைத்து அலசிய துணியில் தங்குவதை நினைத்து நான் பயப்படவில்லை. துருவும்போதும் கலக்கும்போதும் பறக்கும் தூசும், சமையல் சோடா மாதிரியே இருக்கும் வெள்ளைத் தூள் ஒன்று பெயர் எழுதாத டப்பாவில் இருப்பதும்தான் பயம். உங்கள் கலவையில் வெண்காரம் செய்யும் வேலை எதையும் சோடாவே செய்துவிடும்.

குழந்தைத் துணிக்கு வருகிறேன். “வீட்டில் செய்தது, அதனால் மென்மையானது” என்று பலரும் நினைக்கிறார்கள். சலவை சோடா கரைந்த தண்ணீரின் பி.எச். அளவு 11-ஐத் தொடும், கடைத் தூள் பலவற்றைவிட அதிகக் காரம். நன்றாக அலசினால் போய்விடும்தான். ஆனால் உங்கள் துணியில் அலசிப் போகாத பூச்சு இருக்கிறதே, அதற்குள் சோடாவும் மாட்டிக்கொண்டிருக்கலாம். குழந்தையின் தோல் சிவந்தோ தடித்தோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். துணி விஷயத்தில், நறுமணம் சேர்க்காத சலவைத்தூளோ திரவமோ வாங்கி, குறைந்த அளவு போட்டு, ஓர் அலசல் கூடுதலாக வையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் குழந்தைத் துணிக்கும் வேண்டாம், துண்டுக்கும் வேண்டாம். அதுவும் நூலின்மேல் பூச்சாகத்தான் உட்காரும், ஈரம் உறிஞ்சுவது குறையும்.

இதைப் படித்துவிட்டு யாராவது “அப்படியானால் சோப்புக்குப் பதில் ஆசிட் சிலரி (செயற்கைச் சலவைப் பொருளின் மூலப்பொருள்) வாங்கி வீட்டிலேயே நிஜச் சலவைத் திரவம் செய்யலாமே” என்று உங்களிடம் சொல்லக்கூடும். செய்யலாம், சிறுதொழிலாகப் பலர் செய்கிறார்கள். கறுப்புப் பாகு மாதிரி இருக்கும் அந்தச் சிலரி வலுவான அமிலம். அதைச் சமன் செய்யப் பயன்படுத்தும் காஸ்டிக் சோடா கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலே பார்வை போய்விடலாம். இரண்டும் சேரும்போது கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். அளவு கொஞ்சம் தவறினாலும் மிஞ்சிய அமிலமோ காரமோ துணிக்கும் கைக்கும் வரும். கண்ணாடி, கையுறை, எடைக்கருவி, பி.எச். தாள், குழந்தை எட்டாத தனி இடம், இவ்வளவும் இருப்பவர்கள் செய்யட்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம் என்பது என் கருத்து. பூந்திக்கொட்டையைப் பற்றியும் கேட்பார்கள். அதிலிருப்பது மென்மையான நுரைப்பொருள், பட்டுக்கும் கம்பளிக்கும் நன்றாகவே இருக்கும். காலர் அழுக்குக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அதன் பலம் போதாது.

அப்படியானால் சோப்புக் கலவை யாருக்குமே ஆகாதா? ஆகும். தண்ணீர் மென்மையாக இருந்து, கையால் தோய்த்து, தாராளமாக அலசுகிறவர்களுக்கு அது நல்ல பொருள்தான். உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க ஒரு சுலபமான வழி. கண்ணாடிப் பாட்டிலில் பாதி அளவு தண்ணீர் பிடித்து, அரைச் சிட்டிகை சோப்புத் துருவலைப் போட்டு மூடிப் பத்து விநாடி நன்றாகக் குலுக்குங்கள். மேலே அடர்த்தியான நுரை நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை உடனே அடங்கி, தண்ணீர் திரிந்த பால் மாதிரி ஆனால் கடினநீர். ஒப்பிட, மழை நீரிலோ, காய்ச்சி வடித்த நீரிலோ இதையே செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளியல் சோப்பால் செய்யுங்கள், கைகழுவும் திரவத்தால் செய்யாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சோப்பே அல்ல, எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். மென்னீர் என்று தெரிந்தாலும் ஃப்ரன்ட் லோட் மெஷினுக்குச் சோப்பு வேண்டாம். அது குறைந்த தண்ணீரில் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத் துவைப்பது. நுரை மிகுந்தால் துணி மெத்தைமேல் விழுவதுபோல் விழும், அழுக்கு போகாது, அலசலும் சரியாக நடக்காது. மிஞ்சிய கசடு டிரம்முக்கு வெளியே, குழாய்களுக்குள், கதவு ரப்பரின் மடிப்பில் போய்ச் சேரும். நீங்கள் முகர்ந்த அந்தப் புழுங்கின வாடை அதைத் தின்று வளரும் கிருமியும் பூசணமும்தான்.

சரி, செலவைக் குறைப்பது எப்படி? நீங்கள் தொடங்கியதே அதற்காகத்தானே. என் தொழிலில் பார்த்தவரை, சலவைத்தூளில் பணம் போவது விலையில் அல்ல, கை அளவில். பெரும்பாலோர் தேவையைவிடக் கூடவே போடுகிறார்கள். “நுரை வந்தால்தான் சுத்தம்” என்ற எண்ணம் ஒன்று. டப்பாவோடு வரும் கரண்டியும் மூடியும் இன்னொன்று. உள்ளே கோடு எங்கே இருக்கிறது என்று என்றைக்காவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பல மூடிகளில் சாதாரணத் துவைப்புக்கான கோடு பாதிக்கும் கீழே இருக்கும். நாமோ மூடி நிறைய ஊற்றுவோம். கரண்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு, சமையலறை அளவுக்கரண்டி ஒன்றைத் தூள் டப்பாவுக்குள் நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வாருங்கள். காலர், அக்குள், தலையணை உறை, இந்த மூன்றையும் கவனியுங்கள். இவற்றில் அழுக்கோ வாடையோ தங்க ஆரம்பித்தால் ஒரு படி மேலே ஏறி அங்கே நின்றுவிடுங்கள். அதுதான் உங்கள் வீட்டு அளவு.

இன்னும் குறைக்க வேண்டுமானால் நீங்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் சலவை சோடாவே உதவும், சோப்பு இல்லாமல். கடினநீரில் கடைத் தூளிலும் ஒரு பங்கு கால்சியத்தைச் சமாளிப்பதற்கே செலவாகிறது. அந்த வேலையை விலை குறைந்த சோடாவிடம் கொடுத்துவிட்டால் விலை கூடிய தூள் அழுக்குக்கு மிஞ்சும். ஒரு துவைப்புக்கு ஒரு மேசைக்கரண்டி சோடாவை வெந்நீரில் முழுக்கக் கரைத்து, துணி போடுவதற்கு முன் டிரம்முக்குள் ஊற்றுங்கள். தூளை வழக்கமான இடத்தில், வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போடுங்கள். தூளைப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டாம். சோடா இறக்கும் சுண்ணாம்பு துணியில் படியாமல் மிதக்கவிடுவதும் அந்தத் தூள்தான். பட்டு, கம்பளிக்குச் சோடா கூடவே கூடாது, காரத்தில் அந்த இழை நலிந்துவிடும். நொதி சேர்த்த தூளும் அவற்றுக்கு ஆகாது. அலுமினியப் பாத்திரத்தில் சோடாவைக் கரைக்காதீர்கள், பாத்திரம் அரிக்கும்.

வெந்நீரில் துவைக்கும் பழக்கம் இருந்தால் அங்கேயும் மிச்சம் பிடிக்கலாம். அப்படித் துவைக்கும்போது மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது, டிரம்மைச் சுற்றுவதற்கு அல்ல. தினசரித் துணிக்குச் சாதாரணத் தண்ணீரே போதும். துண்டு, படுக்கைவிரிப்பு, குழந்தையின் அணையாடை இவற்றுக்கு மட்டும் 60 டிகிரியை வைத்துக்கொள்ளுங்கள். கறையை மெஷினுக்கு விடாதீர்கள். காலரில் ஒரு சொட்டுச் சலவைத் திரவத்தைத் தடவிப் பத்து நிமிடம் விட்டால், மொத்தத் துணிக்கும் கூடுதல் தூள் போட வேண்டியிருக்காது. ரத்தக்கறையை மட்டும் குளிர்ந்த நீரில் அலசுங்கள், சூடு பட்டால் இழையில் இறுகிவிடும்.

இப்போது இருக்கும் துணிகளை மீட்கலாம். வெள்ளைத் துணியையும் நிறம் போகாத துண்டையும் மட்டும் எடுத்து, துணிச்சீட்டில் அனுமதித்த அதிகபட்சச் சூட்டில், முழு அளவு நல்ல சலவைத்தூளும் ஒரு மேசைக்கரண்டி சோடாவும் சேர்த்து, மெஷினைப் பாதிக்கும் கொஞ்சம் மேலே மட்டும் நிரப்பித் துவையுங்கள். சோப்பு எதுவும் சேர்க்காமலே வழக்கத்தைவிட அதிகமாக நுரை பொங்கினால் திகைக்க வேண்டாம், பழைய சோப்பு கிளம்புகிறது. அலசலை இரண்டாக வையுங்கள். சொட்டு சோதனையில் தண்ணீர் உடனே இறங்கும்வரை, அடுத்தடுத்த துவைப்புகளில் இதையே தொடருங்கள். பிசுக்கு முழுக்கப் போன பிறகும் துண்டு விறைப்பாகவே இருந்தால் மிச்சமிருப்பது சுண்ணாம்பு. அப்போதுதான் வினிகருக்கு வேலை. அரை வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர் ஊற்றி அரை மணி ஊறவைத்து அலசுங்கள். வரிசை முக்கியம், முதலில் பிசுக்கு, அப்புறம் சுண்ணாம்பு.

மெஷினுக்கும் அதே வரிசைதான். கதவு ரப்பரின் மடிப்பை விரித்துத் துணியால் வழித்தெடுங்கள், கையில் வரும் சாம்பல் நிறக் கூழை முன்பே பார்த்திருந்தால் இந்தக் கடிதத்தை எனக்கு எழுதவே வேண்டியிருந்திருக்காது. தூள் போடும் தட்டைக் கழற்றிக் கழுவுங்கள், கீழே இருக்கும் வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். துணி இல்லாமல், இருப்பதிலேயே அதிகச் சூட்டில், சலவைத்தூள் போட்டு, சோடியம் பெர்கார்பனேட் (குளோரின் இல்லாத ஆக்சிஜன் பிளீச்) கிடைத்தால் அதையும் ஓரிரு கரண்டி சேர்த்து ஓடவிடுங்கள். இன்னொரு நாள், தனியாக, சிட்ரிக் அமிலம் போட்டு ஓட்டிச் சுண்ணாம்பை எடுக்கலாம், மெஷின் கையேடு அனுமதித்தால். இனிமேல் துவைத்து முடித்ததும் கதவையும் தட்டையும் திறந்தே வையுங்கள். குழந்தை உள்ளே தலையை நீட்டாத அளவுக்கு ஒரு கண் இருக்கட்டும்.

டப்பாவில் மீதி இருக்கும் கலவையைக் கொட்ட வேண்டாம். தரை துடைக்கும் துணி, கால்மிதி, வண்டி துடைக்கும் துணி இவற்றை வாளியில் கையால் தோய்க்க அது நன்றாகவே உழைக்கும். டப்பாவின்மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று பெரிதாக எழுதி ஒட்டி, உயரமான அலமாரியில் வையுங்கள்.